பொசொம்ட்வே போகும் வண்டி

சென்ற மாதம் பழைய நண்பரொருவர் மடல் எழுதியிருந்தார். மகள் கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகிறாள். மேற்படிப்புக்கு முன் ஆறு மாதம் ஆப்பிரிக்க நாடொன்றில் தன்னார்வப் பணி செய்ய ஆசைப்படுகிறாள். நீங்கள் இருவரும் கானாவில் இருந்தவர்களாயிற்றே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். ஒரு பத்தியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். இயலவில்லை. போகட்டும் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பேருந்துப் பயணம் வந்து குறுக்கே நின்றது. அதை எழுதினால்தான் பதிலும் எழுத முடியும் போலிருக்கிறது.

2008ஆம் ஆண்டு. கானாவின் இரண்டாவது பெருநகரான குமாசியின் புறத்தே, கட்டணம் குறைந்த ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் நாங்கள் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்துக்கொண்டிருந்தோம். கற்பித்துக்கொண்டிருந்தோம் என்பது சற்றுப் பெரிய சொல். கணவன் மனைவி இருவருமே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் ஒரு பகுதியை எங்களை அனுப்பிய அமைப்புக்குக் கட்டணமாகச் செலுத்தி, நல்லது செய்கிறோம் என்ற நினைப்போடு வந்து இறங்கியிருந்தோம். தொண்டு செய்வதற்குக் கட்டணமா என்று ஊரில் உறவினர் கேட்டபோது எங்களுக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால் அவர்கள் கேட்டது சரியான கேள்வி என்றே படுகிறது.

அமைப்பு, வார இறுதிகளில் சுற்றுலாவும் நடத்தியது. குளிரூட்டிய வேனில் பொசொம்ட்வே ஏரி. மதிய உணவு, படகு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு தொகை. உடனிருந்த ஐரோப்பிய இளைஞர்கள் பெயர் கொடுத்தார்கள். எங்களுக்கு அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை. கையில் காசில்லை, அவ்வளவுதான். குமாசியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் தொலைவுள்ள ஊருக்கு உள்ளூர் வண்டி இல்லாமலா போய்விடும் என்று சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

உள்ளூர் வண்டிக்கு அங்கே ட்ரோ-ட்ரோ என்று பெயர். 'ட்ரோ' என்றால் கா மொழியில் மூன்று பென்ஸ் என்றும், அந்தக் காலத்துக் கட்டணமே வண்டிக்குப் பெயராகிவிட்டது என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவில் சரக்கு ஏற்றி ஓய்ந்துபோன வேன்கள் கப்பலேறி வந்து, உள்ளே இரும்புச் சட்டத்தில் இருக்கைகள் பற்றவைக்கப்பட்டு, இரண்டாம் பிறவி எடுக்கின்றன. எங்கள் வண்டியின் பக்கவாட்டில் ஏதோவொரு ஜெர்மன் ரொட்டிக்கடையின் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது. பின்கண்ணாடியில் மட்டும் புதிய உரிமையாளரின் பக்தி வாசகம். வரிசைகளுக்கு நடுவே நடைபாதை என்று ஒன்று கிடையாது. அங்கும் மடக்கு இருக்கைகள் விரிந்துவிடும். கடைசி வரிசைக்காரர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் எழுந்து, மடக்கி, வழிவிட்டு, மீண்டும் விரித்து உட்கார வேண்டும். யாரும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

வண்டிக்குக் கால அட்டவணை கிடையாது, நிறைந்தால் புறப்படும். அதுவரை ஜன்னலே அங்காடி. தலையில் சுமந்து வரும் பெண்களிடம் தண்ணீர்ப் பை, அவித்த முட்டை, கைக்குட்டை, பற்பசை, வேதாகமம் எல்லாம் வாங்கலாம். ஒரு பிரசங்கியார் ஏறி, கால்மணி நேரம் ஆவேசமாகப் பேசி, காணிக்கை பெற்றுக்கொண்டு இறங்கினார். எங்களை ஜன்னல் வழியே பார்த்த சிறுவர்கள் "ஒப்ரோனி" என்று கூவிக் கையசைத்தார்கள். வெள்ளைக்காரர்களைக் குறிக்கும் சொல் அது. அயலார் எல்லோருக்கும் பொருந்தும். மணமகள் தேவை விளம்பரங்களில் 'மாநிறம்' என்று போட்டுக்கொள்ளவும் தயங்க வேண்டிய நிறம் எங்களுடையது. வாழ்க்கையில் முதன்முறையாக எங்களை வெள்ளையர் என்று அழைத்தவர்கள் குமாசிக் குழந்தைகள்தாம்.

நடத்துநரை மேட் என்பார்கள். பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டாத பையன். ஓடும் வண்டியில் கதவைப் பிடித்துத் தொங்கியபடி ஊர்ப்பெயரைக் கூவுவான். சீட்டு கிடையாது. பின்வரிசையிலிருந்து காசு தோள் தோளாக முன்னே போகும். மிச்சம் அதே வழியில் திரும்பி வரும். எங்களிடம் "பன்னிரண்டாயிரம்" என்று கேட்டான். திடுக்கிட்டோம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2007இல், பத்தாயிரம் பழைய சேடியை ஒரு புதிய சேடியாக மாற்றியிருந்தது அரசு; மக்கள் வாயில் மட்டும் பழைய கணக்கே புழங்கியது. பன்னிரண்டாயிரம் என்றால் ஒரு சேடி இருபது பெசேவா. பள்ளியில் நாங்கள் குழந்தைகளுக்குத் தசமப் புள்ளி கற்றுக்கொடுக்கத் திணறிக்கொண்டிருந்தோம். இந்தப் பையனோ நான்கு பூஜ்யங்களை மனத்துக்குள் தட்டிவிட்டு, இருபது பேருக்கு மிச்சம் கணக்கிட்டு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் நினைவில் வைத்திருந்தான். அவன் எந்தப் பள்ளியில் படித்தான், யார் கற்பித்தார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமை என்பதால் வண்டியில் பாதிப்பேர் கறுப்பும் சிவப்புமாக உடுத்தியிருந்தார்கள். அசாந்தே மக்களின் இறுதிச் சடங்குகள் பெரும்பாலும் சனிக்கிழமையில் நடக்கும். ஊரே திரளும், பந்தல், இசை, நாற்காலி, யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. (மொய் எழுதும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே சாவுக்கும் மொய்.) எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். ஏரி பார்க்க என்றோம். பார்த்து? குளிக்க மாட்டீர்களா, மீன் வாங்க மாட்டீர்களா, உறவினர் யாரும் இல்லையா, வெறுமனே பார்க்கவா? அவருக்குப் புரியவில்லை. ஆனால் இன்னொன்றைச் சொன்னார். நாங்கள் போவது இறந்தவர்கள் போகும் இடம். உடலை விட்ட உயிர் அந்தக் கரையில்தான் தெய்வத்திடம் விடைபெற்றுக்கொள்ளும். ஒபொசொம் என்றால் தெய்வம். ட்வே என்பது சிறு மானினம். காயம்பட்ட மானைத் துரத்தி வந்த வேடன் ஒருவன், மான் நீருக்குள் மறைந்ததைக் கண்டு, இது அதைக் காத்த தெய்வம் என்று பெயரிட்டதாகக் கதை. உங்கள் ஊரில் ஏரிக்குத் தெய்வம் உண்டா என்று கேட்டார். கரைகாக்கும் அம்மன்களைப் பற்றிச் சொன்னோம். அப்படியானால் சரி என்பதுபோலத் தலையாட்டினார். அந்த ஆறு மாதத்தில் கானாவைப் பற்றி ஒருவரிடம் நாங்கள் கற்றுக்கொண்டதும், எங்களைப் பற்றி ஒருவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டதும் ஒரே நேரத்தில் நடந்தது அந்த இருக்கையில்தான்.

மடக்கு இருக்கையில் கறுப்புச் சட்டையோடு ஓர் இளைஞர். நல்ல ஆங்கிலம். நாங்கள் எங்கே வேலை செய்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். சம்பளம் எவ்வளவு என்றார். தொண்டூழியம், சம்பளமில்லை என்றோம், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் சிரித்தார். கேலி இல்லாத, களைத்த சிரிப்பு. தானும் ஆசிரியராக இருந்தவர்தான் என்றார். வேறொரு பக்கத்தில், இதேபோன்ற தனியார் பள்ளியில், பயிற்சி பெறாத ஆசிரியராக இரண்டு ஆண்டுகள். மேல்நிலைப் பள்ளி முடித்துப் பயிற்சிக் கல்லூரிக்குப் பணம் சேர்ப்பவர்கள் இந்த வேலைக்கு வருவது அங்கே வழக்கம். "வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்த பருவத்தில் என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவர்கள் போனார்கள், வேறு தொண்டர்கள் வந்தார்கள்." இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, பிறகு நின்றது என்பதுபோலச் சொன்னார். பின் இந்திப் படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். குந்தனாசேயில் அவரும் மூதாட்டியும் இறங்கி, இசை வந்த திசையில் நடந்தார்கள்.

குந்தனாசேயிலிருந்து அபோனோவுக்குப் பங்கு டாக்சி. பாதை விளிம்பேறிச் சட்டென்று இறங்குகிறது. கீழே, காடடர்ந்த குன்றுகளின் வட்டத்துக்குள், ஏரி. அதன் பிறப்புக் கதையை அறிவியல் வேறுவிதமாகச் சொல்லும். சுமார் பத்து இலட்சத்து எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதிப் பத்தரைக் கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளத்தைத் தோண்டியது. எரிமலை வாய் என்று நெடுநாள் கருதியிருந்தார்கள். விண்கல் மோதிய தடம்தான் என்பது 1960களில் உறுதியானது. கானாவின் பிரம்மாண்டமான வோல்டா ஏரி 1965இல் முடிந்த அகோசோம்போ அணையால் உண்டான நீர்த்தேக்கம். இயற்கையான ஏரி என்று சொல்லத்தக்கது பொசொம்ட்வே ஒன்றே. எட்டுக் கிலோமீட்டர் அகலம். வெளியேறும் ஆறு இல்லை. மழை கூடினால் நீர் ஏறும், குறைந்தால் இறங்கும். ஏறிய காலங்களில் கரையூர்கள் பின்னால் நகர்ந்திருக்கின்றன. 2004இல் ஏரியின் அடியைத் துளைத்துப் பார்த்த அறிவியலாளர்கள் முந்நூறு மீட்டர் அளவுக்கு வண்டல் எடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்கணக்கு அதில் வரிவரியாக இருந்தது. 1400 முதல் 1750 வரை நீண்டதொரு வறட்சி என்று 2009இல் அந்த வண்டலைப் படித்தவர்கள் எழுதினார்கள். அந்த வறண்ட காலத்தில் கரையில் வளர்ந்த மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. 2016இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நாங்கள் போனபோது அதெல்லாம் இல்லை. ஆனால் கையேட்டோடு நின்ற இளைஞர்கள் இருந்தார்கள். ஊர் வளர்ச்சிக்கு நன்கொடை எழுதுங்கள் என்றார்கள். முன்பக்கத்தில் எழுதியவர்களின் தொகைகளைப் பார்த்தால் சுழியங்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை போலத் தெரிந்தன. எங்களால் இயன்றதை எழுதினோம். கட்டணம் செலுத்தித் தொண்டுக்கு வந்தவர்கள் இதற்குக் கணக்குக் கேட்பது அழகில்லை.

ஏரியில் மீனவர்கள் பதுவா என்னும் ஒற்றைப் பலகையில் போகிறார்கள். படகென்று சொல்ல முடியாது; செதுக்கிய பெரும் பலகை. குப்புறப் படுத்தோ குந்தி அமர்ந்தோ உள்ளங்கையால் நீரைத் தள்ளுகிறார்கள். இரும்பு அந்த நீரைத் தொடலாகாது என்பது பழைய விலக்கு. அசாந்தே மக்களைப் பற்றி எழுதிய ராட்ரே 1923இல் வெளிவந்த நூலில் இந்த ஏரியை விரிவாகப் பதிந்திருக்கிறார். தூண்டில் முள், பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் விலக்கு இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெய்வம் ஓய்வெடுக்கும் நாள், வலை வீசுவதில்லை. நாங்கள் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கிட்டத்தட்டக் கால்மணி நேரம் ஒரே இடத்தில் பலகையை நிறுத்தி வைத்திருந்தார், கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அன்று நாங்கள் பேசியது குறைவு. ட்ரோ-ட்ரோவில் கேட்ட ஒரு வாக்கியம் இருவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

நண்பகலில் அமைப்பின் வேன் வந்தது. எங்களைப் பார்த்து மகிழ்ச்சியோடு கையசைத்தார்கள். இயந்திரப் படகில் ஒரு சுற்று; நிழற்படங்கள்; கோழியும் சோறும்; மூன்று மணிக்குப் புறப்பாடு. அவர்களைக் குறை சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் நாங்களும் அப்படித்தான் வந்திருப்போம். அந்த வேனில் எட்டுப் பேர் இருந்தார்கள், எட்டுப் பேரும் தொண்டர்கள். வழியில் யாரும் ஏறவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியர் அறையில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தோம். மூன்று மாதமாக நாள்தோறும் பார்த்துவந்த அட்டவணைதான். எங்கள் பெயர்கள் வெள்ளைத் தாளில் எழுதி மேலே ஒட்டப்பட்டிருந்தன. வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் அடியில் வேறு இரு பெயர்களின் எழுத்துகள் தெரிந்தன.

கேட்டோம். தலைமையாசிரியர் மறைக்கவில்லை. ஒருவர் குமாசிக்குப் போய்விட்டார், ஒருவர் ஊரோடு இருக்கிறார். பள்ளிக்கு வரும் கட்டணம் கரும்பலகைக்கும் கூரைக்கும் சரியாகப் போகிறது. இரண்டு சம்பளம் மிச்சமானதில் இரண்டு வகுப்பறைக்குத் தளம் போட முடிந்தது. நீங்கள் வந்ததால் வந்த தளம் அது என்று கை பற்றிக் குலுக்கினார். அவரை மீண்டும் அழைக்க முடியாதா, நாங்கள் அவருக்கு உதவியாக இருக்கிறோமே என்றோம். "நல்லது. நீங்கள் போன பிறகு அவருக்கு யார் கொடுப்பது?" என்று கேட்டார். நாங்கள் மீதமிருந்த மூன்று மாதத்துக்கு அவருடைய சம்பளத்தைத் தருவதாகச் சொன்னோம். தந்தோம். அவர் வந்தார். எங்களைவிட நன்றாகக் கற்பித்தார். குழந்தைகளின் மொழி தெரிந்தவர், எங்கே அவர்கள் திணறுகிறார்கள் என்று தெரிந்தவர். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினோம். நாங்கள் திரும்பியபின் அடுத்த குழு வந்துவிட்டது என்று பிற்பாடு அறிந்தோம்.

இப்போது எங்கள் தரப்பைச் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் தொண்டு செய்வதே போலி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. கானாவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அமைதிப் படையின் முதல் தொண்டர்கள் 1961 ஆகஸ்டில் வந்திறங்கியது அக்ராவில்தான். ஐம்பது பேருக்குச் சற்று அதிகம், எல்லோரும் ஆசிரியர்கள். விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள். அதே 1961இல்தான் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளிகள் பெருகின, கற்பிக்க ஆளில்லை. அன்று வந்தவர்கள் ஒரு வெற்றிடத்தை நிரப்பினார்கள். அவர்களது அரசியல் நோக்கங்களைப் பற்றி வேறு விவாதம் இருக்கலாம். ஆனால் வகுப்பறை காலியாக இருந்தது என்பது உண்மை. எங்கள் வகுப்பறை காலியாக இல்லை. எங்களுக்காகக் காலி செய்யப்பட்டது.

இந்த வேறுபாட்டைத்தான் யாரும் விளக்கக் கையேடுகளில் அச்சிடுவதில்லை. அறுவை மருத்துவர், பிரசவம் பார்க்கத் தேர்ந்த செவிலி, கிணறு தோண்டத் தெரிந்த பொறியாளர், இவர்கள் போவதற்குப் பொருளுண்டு. போன இடத்தில் ஒருவருக்கேனும் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் பொருளுண்டு. பத்தொன்பது வயது மாணவனும், எங்களைப்போல் முப்பது வயதில் மனக்கிலேசம் வந்தவர்களும், எந்தத் திறனைச் சுமந்துகொண்டு போகிறோம்? நல்லெண்ணம் திறன் ஆகாது. தேவை அந்த ஊரில் பிறக்காமல், அனுப்புகிறவர்களின் கணக்கேட்டில் பிறக்கும்போது, தேவையைத் தயாரிக்கவும் வேண்டியதாகிவிடுகிறது. கம்போடியாவிலும் நேபாளத்திலும் தாய் தகப்பன் உள்ள குழந்தைகளையே ஆதரவற்றோர் இல்லங்களில் கொண்டுவந்து வைத்து வெளிநாட்டவருக்குக் காட்டிய அவலம் வெளிவந்து ஆண்டுகளாகின்றன. 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் இயற்றிய ஆஸ்திரேலியா இதையும் கருத்தில் கொண்டது. ஓர் ஆசிரியரின் பெயர்மேல் தாள் ஒட்டுவது அத்தனை கொடிதல்ல. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

தமிழில் பயணம் எழுதுகிறவர்களிடமும் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். ஆப்பிரிக்கா என்றதும் ஒன்று விலங்கு, அல்லது வறுமை. நடுவில் சில்லறை எண்ணும் மேட் பையன் வருவதில்லை. ஏ.கே. செட்டியார் போன்றவர்கள் போன இடத்தில் மனிதர்களிடம் பேசி எழுதினார்கள். பிற்பாடு வந்தவர்களில் பலர் வேனில் போனார்கள் என்று தோன்றுகிறது. நாங்களும் பணமிருந்தால் அன்று வேனில்தான் போயிருப்போம். திரும்பி வந்து நீலமான ஏரி, விண்கல், பலகையில் மீனவர் என்று அழகான கட்டுரை ஒன்று எழுதியிருப்போம். அட்டவணையின் அடியில் இருந்த பெயர் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளூர்ப் பேருந்தைப் புனிதப்படுத்தவில்லை. முழங்கால் வலிக்கும், ஓட்டுநரின் வேகம் அச்சுறுத்தும், திரும்பும்போது அரை இருக்கையில் ஒன்றேகால் மணி நேரம் ஆட்டம் கண்டோம், ஒருவர் மடியில் யாருடைய கோழியோ இருந்தது. ஆனால் அந்த வண்டிக்குள் நாங்கள் யாருக்கும் நன்மை செய்ய வந்தவர்கள் அல்லர். பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டியவர்கள், நகர்ந்து இடம்விட வேண்டியவர்கள். அதனால்தான் அந்த இளைஞர் எங்களிடம் உண்மையைச் சொன்னார் என்று நினைக்கிறோம். பள்ளியில் எங்களைச் சந்தித்திருந்தால் அவர் நன்றி சொல்லியிருப்பார்.

நண்பருக்குக் கடைசியில் இப்படித்தான் எழுதினோம். மகள் போகட்டும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், தன்னை அனுப்பும் அமைப்புக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்கட்டும்: சென்ற ஆண்டு அந்த வகுப்பில் நின்றவர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார்? எழுத்தில் பதில் வாங்கட்டும். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் குமாசிக்குப் பயணியாகப் போய் ஒரு மாதம் அறையெடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் ட்ரோ-ட்ரோ ஏறட்டும். முன் இருக்கையைத் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். மடக்கு இருக்கை போதும்.

நேற்று மகளே பதில் எழுதியிருக்கிறாள். கேள்வியை அனுப்பிவிட்டாளாம். ஒரு வாரமாகிறது, பணம் கட்டும் முறையை விளக்கி இரண்டு மடல்கள் வந்திருக்கின்றனவாம்.